மரத்தளத்தில் லாரி டயர்

அன்று காலை அந்தச் சிமெண்ட் தளத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். ஸ்கேட்டிங் சங்கத்துச் செயலாளர். பயிற்சியாளர் சார். தளத்தைப் பெருக்கும் வாட்ச்மேன். தி.நகர்ப் பாத்திரக்கடைக்காரர் மகள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்த கார் டிரைவர். நான். வேறு யாருமில்லை. பூங்காவில் நடக்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை; சக்கரச் சத்தம் அவர்களுக்குப் பிடிக்காது.

ஆள் கணக்கை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ராத்திரி பகல் என்றில்லாமல் இந்த ஆறு பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி, யார் காதில் விழுந்திருக்கும், யார் வாயிலிருந்து வெளியே போயிருக்கும் என்று யோசித்து யோசித்து மாய்ந்திருக்கிறேன். வாட்ச்மேனுக்கு ஒரு காது கேட்காது, அவரை விட்டுவிடலாம். மற்றவர்களை விட முடியவில்லை. பெயர்களையும் அதனால்தான் எழுதவில்லை. இத்தனை காலத்துக்கு அப்புறம் யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் பயம் பயம்தானே.

நாங்கள் ஆடியது ரோலர் ஹாக்கி. வெளிநாட்டில் பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். பனியே இல்லாத ஊர்க்காரர்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அதே மாதிரி ஒன்றை ஆடினால் எப்படியோ, அப்படி. பக்கத்துக்கு ஐந்து பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். இந்த விளையாட்டில் எனக்கு இந்திய அணியில் இடம் கிடைத்தது என்று சொன்னால் இன்றைக்கும் ஜனங்கள் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் “நிஜமாவா?” என்கிறார்கள். நிஜம்தான். எங்கள் சந்தில் முதலில் நம்பியவர் சர்ச்சில் மணி அடிக்கிறவர். அவரும் ஜெபத்தில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்னதோடு சரி.

வீடு மயிலாப்பூரில், சாந்தோம் பக்கம். அப்பாவுக்குக் கோடம்பாக்கத்தில் வேலை. சண்டைக்காட்சியில் விழுகிறவர்களுக்கு அடிபடாமலிருக்க சட்டைக்குள்ளே வைத்துக் கட்டும் மெத்தைகளைத் தைப்பார். தேங்காய் நார், ஸ்பாஞ்சு, மேலே ரெக்சின். நான் கோல்கீப்பர் ஆனதே அதனால்தான். மற்ற பெண்களிடம் கால்காப்பு இல்லை. எனக்கு மட்டும் அப்பா தைத்துக்கொடுத்தார். காப்பு வைத்திருப்பவள் கோலில் நில் என்றார் சார். நின்றேன். அவ்வளவுதான் கதை. எனக்குப் பின்பக்கமாகச் சறுக்க வராது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கோலில் நிற்பது என்று சொன்னேன். உண்மையில் அது நிற்பது இல்லை. குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ஸ்கேட்டின் முன்மூக்கில் ஸ்டாப்பர் என்று ஒரு ரப்பர் கட்டை இருக்கும். இரண்டு கால் ஸ்டாப்பரையும் தரையில் ஊன்றி, குதிகால்மேல் உட்கார்ந்து, ஒரு கையில் மட்டையும் ஒரு கையில் கையுறையுமாகக் காத்திருக்க வேண்டும். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது உங்களோடு யாரும் இருக்கமாட்டார்கள். நான்கு பேரும் போய்விடுவார்கள். சக்கரச் சத்தம் தூரத்தில் கேட்கும். நமக்கென்று பேச்சுத்துணைக்கு இருப்பது பின்னால் இருக்கும் வலைதான். எனக்கு அப்போதெல்லாம் நட்டு முடுக்கினேனா என்ற கவலை வந்துவிடும். எட்டுச் சக்கரத்துக்கு எட்டு நட்டு. ஆட்டத்துக்கு முன் நான்கு தடவை சோதிப்பேன். அப்படியும் ஐந்தாவது தடவை பார்க்காமல் விட்டோமே என்று இருக்கும்.

ஸ்டாப்பர் சிமெண்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கடையில் வாங்கினால் ஜோடி நானூறு ரூபாய், அதுவும் யாராவது சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தால்தான். அப்பா ராயப்பேட்டையில் பழைய லாரி டயர் வெட்டுகிற கடைக்குப் போய், டயரின் தடித்த பாகத்தில் இரண்டு துண்டு வெட்டி, நடுவில் துளை போட்டு, போல்ட்டு முடுக்கிக் கொடுத்தார்.

“இன்னாம்மா, நிக்குதா?”

“பல்லி மாதிரி ஒட்டுதுப்பா.”

“லாரியே நிக்குது அதுல. நீ நாப்பது கிலோ, நீ நிக்க மாட்டியா?”

அது மூன்று வருஷம் தேயவில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் வேறொரு மாநிலத்தில் பயிற்சி முகாம் வந்தது. பரீட்சையை அக்டோபரில் எழுதிக்கொள்ளலாம் என்று சார் சொன்னார், எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அக்டோபரில் வேறு முகாம். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்து வாசல் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்துபோவேன். “இந்தியா சட்டை போட்டுட்டா போதும், ரயில்வேல கூப்ட்டு வேலை குடுப்பாங்க” என்று சார் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. அந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ.

பாத்திரக்கடைக்காரர் மகள் எனக்கு அடுத்த கோல்கீப்பர். என் வயசு, பத்தொன்பது. காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். காரில் வருவாள். அவளிடம் வெள்ளை ஸ்டாப்பர் ஒரு ஜோடி உறை பிரிக்காமல் இருந்தது. சிமெண்டில் தேய்ந்துவிடுமே என்று போடாமல், பழையதையே போட்டு ஆடுவாள். நானும் அவளும் ஒரே கோலுக்கு மாறி மாறி நிற்கிறவர்கள். ஒருத்தி உள்ளே இருந்தால் ஒருத்தி வெளியே. அதனால் எங்களுக்குள் பேச நிறைய நேரம் இருந்ததில்லை. ஆனாலும் எனக்கென்று ஒரு சிநேகிதி இருந்தாள் என்றால் அவள்தான்.

பட்டியல் வந்தபோது இரண்டு பேர் பெயரும் இருந்தது. நான் முதல், அவள் இரண்டாவது. சென்னையிலிருந்து நாங்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் வடக்கேயும் கர்நாடகத்திலும். கடல் தாண்டிக் கிழக்கே ஒரு ஊரில் போட்டி. ஆனால் அரசாங்கம் பணம் தராது, அவரவர் செலவில்தான் போக வேண்டும், தலைக்கு இருபத்துநாலாயிரம், பத்து நாளைக்குள் கட்ட வேண்டும் என்றார் செயலாளர். “யாராவது கட்ட முடியலேன்னா பரவால்ல. ஒரு கோல்கீப்பர் இருந்தா போதும்” என்றும் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த வருஷம் ஸ்டூடியோக்களில் வேலைநிறுத்தம். அப்பா மாசக்கணக்காக வீட்டில் இருந்தார். தைக்க ஒன்றுமில்லாமல் என் கால்காப்பையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்ததில் ஆறாயிரத்து ஐந்நூறு. கோயில் மாதர் சபையில் கடனாக இரண்டாயிரத்து ஐந்நூறு. ஒன்பதாயிரத்தோடு நின்றுவிட்டது. பத்தாவது நாள் காலையில் அந்த ஒன்பதாயிரத்தை அம்மாவின் சுருக்குப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, நான் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் தளத்துக்குப் போனேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து சீட் அம்மாள் எழுந்து முன்னால் போய்விட்டாள்.

அவள் எனக்கு முன்பே வந்து சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாரும் செயலாளரும் இன்னும் வரவில்லை.

“எவ்ளோ சேந்துது?”

“ஒம்போது.”

மடியிலிருந்த மஞ்சள் பையிலிருந்து ஒன்பதாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு, பையை என் பக்கம் தள்ளினாள். கடைப் பெயர் போட்ட பை. “இதுல பதினஞ்சு இருக்கு. எண்ணிக்கோ.”

“இது உன் டிக்கெட்டுக்குக் குடுத்ததுடீ.”

“ஆமா. நான் போகல.”

“ஏன்?”

“லூசு மாதிரி கேக்காத. ரெண்டாவது கோல்கீப்பர்னா அங்க என்ன வேலை தெரியுமா? பெஞ்ச்ல உக்காந்து உனக்குத் தண்ணி பாட்டில் புடிக்கணும். பாட்டில் புடிக்க எங்க நைனா இருபத்துநாலாயிரம் தரணுமா? அதுக்கு இங்கயே கடைல உக்காந்து குடம் விக்கலாம்.”

“உங்க வீட்ல கேட்டா?”

“ரெண்டாவது கீப்பர் வேணாம்னு சொல்லிட்டாங்க, ஒம்பதாயிரம் கைல குடுத்துட்டாங்க, மீதிய சங்கம் கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் தரும்னு சொல்லிக்கறேன். நீ வேலை கெடச்சதும் குடு. மெதுவா பேசு, அந்தாளு காது இங்கதான் இருக்கும்.”

டிரைவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டிருக்குமா கேட்டிருக்காதா என்று நான் அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்தேன். பதினைந்து அடி இருக்கும். இருபது என்று வைத்துக்கொள்ளலாம்.

பையை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவள் தன் ஸ்கேட் பையைத் திறந்து அந்த வெள்ளை ஸ்டாப்பர் உறையையும் எடுத்தாள்.

“இதையும் எடுத்துனு போ.”

அதைத்தான் மறுத்தேன். பதினைந்தாயிரத்தை ஒரு வார்த்தை பேசாமல் வாங்கினவள், நானூறு ரூபாய்ச் சாமானுக்கு ரோஷப்பட்டேன். “எங்கப்பா போட்டுக் குடுத்தது இருக்கு, அதுவே போதும்” என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு உறையை உள்ளே போட்டுக்கொண்டாள்.

செயலாளரும் சாரும் வந்தார்கள். அவள் எழுந்து போய், “நான் வரல சார், வீட்ல வேணாங்கறாங்க” என்றாள். செயலாளர் “அப்படியா” என்றார். வாட்ச்மேன் பெருக்கிக்கொண்டேயிருந்தார். நான் மஞ்சள் பையிலும் சுருக்குப்பையிலுமாக இருபத்துநாலாயிரத்தை நீட்டினேன். மஞ்சள் பையின் கடைப் பெயரை செயலாளர் படித்தார். சார் படித்தார். காருக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவரும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு பயப்படுகிறவளுக்குப் பையை மாற்ற வேண்டும் என்று தோன்றவேயில்லை.

விமானத்தில் எனக்கு ஜன்னல் சீட். சாரும் செயலாளரும் முன்னால் எங்கோ உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பஞ்சாப் பெண் ஒருத்தி, தடுப்பாட்டக்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி வராது. சாப்பாடு வந்தபோது அவளுடைய ஊறுகாயை எனக்குக் கொடுத்தாள், என் இனிப்பை நான் அவளுக்குக் கொடுத்தேன். போட்டி நடந்த மூன்று நாளும் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அநேகமாக அதுதான். மற்றவர்கள் அறையில் கூடி உட்கார்ந்து சிரிப்பார்கள். எதற்கு என்று தெரியாமல் நானும் கொஞ்சம் சிரிப்பேன். பிறகு என்னைப் பற்றித்தானோ என்று தோன்றும். கட்டிலில் உட்கார்ந்து நட்டு முடுக்குவேன்.

முதல் நாள் விளையாட்டரங்குக்குள் போனதும் தரையைப் பார்த்தேன். மரம். வெளிறின மரப்பலகைகளை இடைவெளி தெரியாமல் இழைத்து, வார்னிஷ் போட்டு, மேலே விளக்கு வெளிச்சம் குளத்தில் போல விழுந்துகொண்டிருந்தது. மரத்தளம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதற்கு என்ன செய்வது என்று எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. உலகத்தில் தரை என்றால் சிமெண்ட் என்றுதானே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பந்து வந்தது, தடுத்தேன். இரண்டாவதையும் தடுத்தேன். கால் நன்றாக ஊன்றியது. லாரியே நிற்கும் என்று அப்பா சொன்னது சரிதான் என்று ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்போது ஆட்டத்தை நிறுத்தி நடுவர் என் பக்கம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார்.

கோலின் முன்னால், நான் நகர்ந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. மாட்டுவண்டிச் சக்கரம் போனது மாதிரி, வளைந்து வளைந்து, நான் போன வழியெல்லாம் அப்படியே எழுதி வைத்திருந்தது.

அரங்கத்து ஆள் ஒருவர், வயசானவர், வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஒரு துணியும் ஏதோ திரவமுமாக ஓடிவந்தார். மண்டியிட்டுத் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார். இரண்டு அணியும் மட்டையை ஊன்றிக்கொண்டு பார்த்து நின்றன. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. வீட்டுத் தரையில் யாராவது சேற்றுக்காலோடு வந்தால் அம்மா பார்க்கிற பார்வை.

நடுவர் என் ஸ்கேட்டைத் தூக்கச் சொல்லி ஸ்டாப்பரை விரலால் தேய்த்து, கறுத்த விரலை சாரிடம் காட்டினார். இது கூடாது. வேறு போடுங்கள். வேறு இல்லை. மற்ற பெண்களுடையதைக் கழற்றிப் பார்த்தார்கள். அப்பாவின் துண்டுக்கு ஏற்றபடி என் ஸ்கேட்டில் துளையையே பெரிதாக்கியிருந்ததால் எதுவும் பொருந்தவில்லை. இரண்டாவது கோல்கீப்பர் எங்கே என்று நடுவர் கேட்டிருக்க வேண்டும். சார் கையை விரித்தார்.

சார் என் ஸ்டாப்பர் மேல் வெள்ளை பிளாஸ்திரியைச் சுற்றோ சுற்று என்று சுற்றினார். போய் உட்கார்ந்தேன். பிளாஸ்திரி வார்னிஷில் நிற்கவில்லை. நான் குத்துக்காலிட்டபடியே மெல்லப் பின்னால் போய் என் வலைக்குள்ளேயே சாய்ந்தேன். எழுந்து முன்னால் வந்தேன். மறுபடி போனேன். பந்தை அடிக்காமலே என்னைத் தள்ளிவிடலாம் போலிருந்தது. எத்தனை கோல் என்று எண்ணவில்லை, பலகையில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கோலுக்கும் நான்கு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம் நடுவட்டத்துக்குப் போவார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு அழவாவது செய்திருப்பேன்.

இடைவேளையில் சார் என் கால்காப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்தேன். அதை பஞ்சாப் பெண் கட்டிக்கொண்டாள். அவளுடைய ஸ்கேட்டில் நல்ல ஸ்டாப்பர் இருந்தது. வாழ்க்கையில் கோலில் உட்காராதவள். அப்பா நார் அடைத்துத் தைத்த மெத்தையோடு அவள் போய் உட்கார்ந்தாள். இரண்டாம் பாதியில் என்னைவிடக் குறைவாகத்தான் விட்டாள். மீதி ஆட்டங்களிலும் அவளேதான்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொருத்தியாக வந்து குடித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். தி.நகர்க்காரி சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அங்கே அவள் இருந்திருந்தால் வெள்ளை ஸ்டாப்பரோடு கோலில் அவள் இருந்திருப்பாள். பாட்டில் என் கையில்தான் இருந்திருக்கும். ஆனால் பெஞ்சுக்கு அவள் சிரித்துக்கொண்டே வந்து, “தண்ணி குடுடீ” என்றாவது கேட்டிருப்பாள்.

ஆக, இந்திய அணிக்காக நான் ஆடியது ஒரு ஆட்டத்தின் முதல் பாதி. அதிலும் கறுப்புக் கோடு விழும்வரைதான் ஒழுங்காக ஆடினேன்.

திரும்பி வந்ததும் அப்பா கேட்டார், “இன்னா, நின்னுச்சா?”

“நின்னுச்சுப்பா.”

பொய்யும் இல்லை. அவர் அதோடு திருப்தியாகி, காப்பைத் தட்டிப் பார்த்து, “நார் கொஞ்சம் தொங்கிப் போச்சு, வேற யாரு கட்னது?” என்றார். தைக்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. நான் குளிக்கப் போய்விட்டேன்.

ரயில்வேயில் வேலைக்கு மனுப் போட்டேன். கவுண்டரில் இருந்த அம்மாள் நல்லவர்தான். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஹாக்கின்னு போட்டிருக்கு, ஆனா இது அந்த ஹாக்கி இல்லையேம்மா” என்றார். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதில் எங்கள் விளையாட்டு இல்லை. “டென்த் பாஸா?” என்று கேட்டார். பிறகு அவரே, “சரி விடு” என்றார்.

லஸ் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை கிடைத்தது. மாசம் ஆயிரத்து நூறு. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஜனங்கள் துபாய்க்கும் டில்லிக்கும் பேசுவார்கள், வாயசைவு மட்டும் தெரியும். நான் வெளியே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலாளி இலவசமாக ஒரு லோக்கல் கால் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். தி.நகர் நம்பர் மனப்பாடம். அவள் அப்பா எடுத்துவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்து ஒரு நாளும் சுற்றவில்லை.

மாசத்தின் முதல் சனிக்கிழமை நேரில் போவேன். கடையின் பின்பக்கம் வைக்கோலும் அட்டைப்பெட்டியுமாகக் கிடக்கும் வழியில் அவள் வந்து நிற்பாள். முந்நூறு கொடுப்பேன், சில மாசம் ஐந்நூறு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத மாசம் ஐம்பது. வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள்.

“நைனா கேக்கறாரு, இதென்னம்மா சங்கம், பால்காரன் கணக்கு மாதிரி மாசாமாசம் தருதேன்னு.”

“என்ன சொன்ன?”

“சங்கம் ஏழைன்னேன்.” சிரிப்பாள். “பொய்யா?”

சாப்பாடு அங்கே எப்படி இருந்தது என்று கேட்டாள், குளிரா என்று கேட்டாள். ஆட்டம் எப்படி என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாசமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன். அந்த வைக்கோல் வழியில் ஐந்து நிமிஷம்தான் இருக்கும். உள்ளேயிருந்து யாராவது அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். டிரைவர் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருப்பார். “வா பாப்பா” என்பார் எப்போதும் ஒரே மாதிரி. அந்த ஒரே மாதிரிக்கு என்ன அர்த்தம் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு போவேன்.

இரண்டு வருஷம் ஆவதற்குள் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாள். மண்டபத்தில் எனக்குத் தெரிந்த முகம் அவளைத் தவிர ஒன்றுமில்லை. வரிசையில் நின்று மேடைக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் ஜோடியைக் கொடுத்தேன். பாத்திரக்கடை வீட்டுக்கு எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோனவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவள் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே காதருகில், “இந்த மாசம் பணம் எங்கடீ?” என்றாள். பின்னாலிருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தேன்.

அடுத்த முதல் சனிக்கிழமை எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கோயம்புத்தூர் போய்விட்டாள் என்று தெரியும். இருந்தாலும் கால் பழக்கத்தில் கடைக்கே போனது. இந்தத் தடவை முன்வாசல் வழியாக. கல்லாவில் அவள் அப்பா இருந்தார். தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

“வாம்மா,” என்றார். “இந்த மாசமும் சங்கத்துல அனுப்பிச்சாங்களா?”

அவர் முகத்தில் கோபமில்லை. ஒரு அண்டாவின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டிரைவர் அன்னிக்கு மத்தியானமே சொல்லிட்டான்.”

“அன்னிக்கேவா?”

“எங்கிட்டதானே சம்பளம் வாங்கறான்.”

“அப்பறம் ஏன் நீங்க...”

“நானா போகக்கூடாதுன்னு சொன்னா எம்பொண்ணு ஆறு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். அதுவா நின்னுடுச்சு. அப்பவே கோயம்புத்தூர் வரன் பேசிட்டிருந்தோம். பதினஞ்சாயிரத்துல முடிஞ்சுது, எனக்கு லாபம்மா.”

நான் முந்நூறு ரூபாயை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். அதைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். “பாக்கிய விட்டுடு. நீயும் பாவம்.”

இரண்டு வருஷம் நான் யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தேனோ அவருக்கு முதல் நாளே தெரியும். பயந்ததெல்லாம் வீண் என்றால் நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அவளுக்கும் தெரியுமா என்று கேட்க நினைத்தேன், அவள் விலாசம் கேட்க நினைத்தேன். “அதுங்க இன்னும் வீடு மாறிட்டிருக்கு, நீ கேட்டேன்னு சொல்றேன்” என்று அவரே முந்திக்கொண்டார்.

பிறகு ஞாபகம் வந்தவராக மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன உறையை எடுத்து வைத்தார். வெள்ளை ஸ்டாப்பர். பிரிக்காதது.

“போறப்ப உங்கிட்ட குடுக்கச் சொன்னா. நானூறு ரூபா சேத்துக்கோன்னும் சொல்லச் சொன்னா. இன்னா கணக்கோ, எனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரிந்தது. அங்கே நடந்தது தெரியாமல் இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கமாட்டாள்; சார்தான் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். மரத்தளம், கறுப்புக் கோடு, பெஞ்சு, பாட்டில் எல்லாம். அந்த வைக்கோல் வழியில் அத்தனை சனிக்கிழமையும் தெரிந்துகொண்டுதான் சாப்பாடு எப்படி, குளிரா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

உறையை வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை மறுக்கவில்லை. வாசலில் டிரைவர் “வா பாப்பா” என்றார், நான் போய்க்கொண்டிருக்கும்போது.

அவர் பாக்கியை விட்டது விட்டதாகவே இருக்கட்டும். நான் அவரிடம் வாங்கவில்லை. அவளிடம் வாங்கினது பதினைந்தாயிரம். கொடுத்தது எட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. ஸ்டாப்பருக்கு அவள் சேர்த்துக்கொள்ளச் சொன்னது நானூறு. நான்கு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். அவளுக்கு இன்னும் தர வேண்டியது ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.